பெட்டைக்குதிரை பசுமாடு அல்ல

கொங்குப் பக்கத்தில் சினைக்குதிரை நிற்கும் தோட்டம் ஒன்றுக்குப் போய், "ஈத்துக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "தலைமுறை தலைமுறையா மாடு வெச்சிருக்கறோமுங்க. இந்தக் கையால எத்தனை கன்னு எடுத்திருக்கறோம். குதிரை என்னங்க பெரிய காரியம்? அது பாட்டுக்குப் போட்டுக்கும்" என்றுதான் பதில் வரும். சொல்பவர் விவரம் தெரியாதவர் அல்ல. காங்கேயம் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்தே வயது சொல்பவர். மாடு அசைபோடாமல் நின்றால் அன்று மாலைக்குள் காரணம் கண்டுபிடிப்பவர். அவருடைய மாட்டறிவை நான் மதிக்கிறேன். அதை அப்படியே தூக்கிக் குதிரைமேல் வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

ராஜஸ்தான், குஜராத் பக்கத்திலிருந்து மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் ஆசை இப்போது கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் வட்டாரங்களில் பரவியிருக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். வாங்கி வந்த பெட்டை மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் நிற்கிறது, மாட்டுக்குப் போடுவதைத் தின்கிறது. அது சினையானதும் மாட்டுக்குச் செய்த முறையே அதற்கும் செய்யப்படுகிறது. இந்த வழக்கத்தால் குட்டிகள் சாகின்றன. சில வீடுகளில் தாயும் சேர்ந்து சாகிறது. சாவுக்குப் பிறகு "விதி" என்கிறார்கள், "கண்ணு பட்டுருச்சு" என்கிறார்கள். பெரும்பாலான சாவுகளுக்கு உடல்கூற்றிலேயே காரணம் இருக்கிறது.

ஈத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பசுவுக்குப் பனிக்குடம் உடைந்தபின் கன்று வெளியே வர ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். தலைச்சன் கிடாரியாக இருந்தால் இன்னும் இழுக்கும். அதனால் மாட்டுக்காரர் பொறுத்திருந்து பழகியவர். அதே பொறுமையைக் குதிரையிடம் காட்டினால் குட்டி உயிரோடு கிடைக்காது. பெட்டைக்குதிரைக்கு நீர்க்குடம் உடைந்ததிலிருந்து குட்டி தரைக்கு வந்து சேர 20 முதல் 30 நிமிடம்தான். நஞ்சு ஒட்டியிருக்கும் விதம்தான் இதற்குக் காரணம். பசுவின் நஞ்சு கருப்பையோடு தனித்தனி முடிச்சுகளாகப் பிணைந்திருக்கிறது. அவை சீக்கிரம் விடுவதில்லை. ஈத்து நீண்டாலும் தாயின் ரத்தத்திலிருந்து கன்றுக்குப் பிராணவாயு போய்க்கொண்டே இருக்கும். குதிரையின் நஞ்சோ கருப்பையின் உட்சுவர் முழுவதும் மெல்லிசாகப் பரவி ஒட்டியிருக்கிறது. முக்கல் பலமானதும் மளமளவென்று பிரிகிறது. பிரிந்த பிறகு உள்ளே இருக்கும் குட்டிக்கு மூச்சுக்கு வழியில்லை.

ஒழுங்காக நடக்கும் ஈத்தில் முதலில் வெளியே தெரிவது நீலம் கலந்த வெண்ணிறப் படலம். அதற்குள் ஒரு முன்னங்குளம்பு, சற்றுப் பின்னால் இன்னொன்று, இரண்டின் அடிப்பகுதியும் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்புறம் முழங்கால்களின்மேல் படிந்தாற்போல மூக்கு. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். குளம்பின் அடி வானத்தைப் பார்த்தாலோ, ஒரு கால் மட்டும் வந்து மற்றது வராவிட்டாலோ, மூக்கு தெரிந்து கால் தெரியாவிட்டாலோ, நீர்க்குடம் உடைந்து 10 நிமிடமாகியும் எதுவுமே தெரியாவிட்டாலோ, அந்தக் கணமே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை பெட்டையை எழுப்பி நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். நடக்கும்போது முக்கல் தணியும். கன்றுக்குச் செய்வதுபோல் காலில் கயிறு போட்டு நாலு பேர் சேர்ந்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது. குதிரைக்குட்டிக்குக் காலும் கழுத்தும் நீளம். உள்ளே மடங்கிக் கிடக்கும் காலை இழுவையால் நிமிர்த்த முடியாது. இழுக்க இழுக்கத் தாயின் கருப்பைதான் கிழியும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர் மறக்கமாட்டார். வெண்ணிறப் படலத்துக்குப் பதிலாக, சிவப்பு வெல்வெட் துணியைப் பந்தாகச் சுருட்டியதுபோல ஒரு பை வெளியே வரும். குட்டிக்கு முன்னால் நஞ்சே பிரிந்து வருகிறது என்று அர்த்தம். உள்ளே குட்டி மூச்சில்லாமல் கிடக்கிறது. மாடு பார்த்துப் பழகியவர் அதைப் பனிக்குடம் என்று நினைத்து, தானாக உடையட்டும் என்று காத்திருப்பார். அது தானாக உடையாது. சாதாரணப் பனிக்குடத்தைவிடத் தடித்தது. அப்போதே முனை மழுங்கிய கத்தரிக்கோலால் அதை வெட்டித் திறந்து, தாய் முக்கும்போதெல்லாம் கூடவே குட்டியைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிட வேண்டும். பொதுவாக இழுக்கக் கூடாது என்ற விதிக்கு இது விலக்கு. மருத்துவர் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்றால் அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சினைக்குதிரை வைத்திருப்பவர் வீட்டில் ஒரு கத்தரிக்கோலும், அதை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆளும் இருந்தாக வேண்டும்.

இந்த ஆள் எப்போது விழித்திருக்க வேண்டும் என்பதிலும் மாட்டுக் கணக்கு தவறிவிடுகிறது. பசுவுக்குச் சினைக்காலம் 280 நாளை ஒட்டியே அமையும். சில நாள் முன்பின் ஆகும். குதிரைக்கு 320 நாளிலும் ஈனலாம், 365 நாளிலும் ஈனலாம். "பதினொரு மாசம் ஆச்சு, இன்னும் காணோம்" என்று ஊசி போடச் சொல்லி மருத்துவரை நெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்காட்டி அங்கே உதவாது. மடியைப் பார்க்க வேண்டும். ஈத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன்பே மடி இறங்கத் தொடங்கும். கடைசி சில நாட்களில் காம்பும் நிறையும். வால் அடியில் இருபக்கச் சதையும் தளர்ந்து கொழகொழவென்று ஆகும். காம்பின் நுனியில் தேன்மெழுகு நிறத்தில் ஒரு துளி உறைந்து நின்றால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் ஈன்றுவிடும். சில பெட்டைகள் இந்த அடையாளம் காட்டாமலே ஈனும் என்பதால் மடி நிறைந்த நாளிலிருந்தே காவல் வேண்டும். பெரும்பாலான பெட்டைகள் நள்ளிரவை ஒட்டி, ஊர் அடங்கிய பிறகுதான் ஈனுகின்றன. ஆள் நடமாட்டம் இருந்தால் நேரத்தைத் தள்ளிப்போடவும் அவற்றால் முடியும். விடியலில் பால் கறக்க எழுகிறவர் கொட்டகையில் குளிர்ந்துபோன குட்டியைப் பார்ப்பது இதனால்தான்.

குட்டி வந்ததோடு வேலை முடிந்தது என்று படுக்கப் போகிறார்களே, அதுவும் மாட்டுப் பழக்கம்தான். பசுவுக்கு நஞ்சு விழ எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் பெரிதாகப் பதற வேண்டியதில்லை. குதிரைக்கு மூன்று மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். தாண்டினால் அது அவசர நோய். உள்ளே தங்கிய துண்டு அழுகி, அந்த நச்சு ரத்தத்தில் கலந்து, நாலு குளம்பின் உள்சதையும் அழன்று, ஓடிய குதிரை நிற்க முடியாமல் படுத்துவிடும். கருப்பையில் வந்த கோளாறு காலில் போய் முடியும் என்பதைப் பசுவோடு வாழ்ந்தவர் எதிர்பார்ப்பதில்லை. தொங்கும் நஞ்சில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டிவிடும் வழக்கம் குதிரைக்கு இன்னும் கேடு. பாரம் இழுத்து நஞ்சு அறுந்தால் கருப்பைக் கொம்பின் நுனியில் ஒரு துண்டு நின்றுவிடும். தொங்குவதை மிதித்துவிடாதபடி அதையே முடிச்சுப் போட்டு உயர்த்திக் கட்டினால் போதும். பசுவின் நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். குதிரையின் நஞ்சை அப்படிக் கொண்டுபோவதற்கு முன் ஈரத்தரையில் விரித்துப் பாருங்கள். இரண்டு கொம்புகளும் நுனிவரை முழுசாக இருக்க வேண்டும். குட்டி வந்த ஒரு வாயைத் தவிர வேறு கிழிசல் இருக்கக் கூடாது. ஒரு கொம்பின் நுனி காணவில்லை என்றால் அது தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. மருத்துவர் வரும்வரை நஞ்சை ஒரு வாளியில் மூடி வைத்து அவரிடம் காட்ட வேண்டும்.

சீம்பால் விஷயத்தில் கன்றுக்கும் குதிரைக்குட்டிக்கும் விதி ஒன்றுதான். இரண்டுமே நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமலே பிறக்கின்றன. மனிதக் குழந்தைக்கு அது கருவிலேயே தாயின் ரத்தத்திலிருந்து வந்துவிடுகிறது. இவற்றுக்குச் சீம்பால் ஒன்றே வழி. குட்டியின் குடல் அந்தச் சக்தியை வாங்கி ரத்தத்துக்குள் விடுவது முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும். 24 மணி நேரத்தில் அந்தக் கதவு அடைபட்டுவிடும். வேறுபாடு மடியின் அளவிலும் நம் பழக்கத்திலும் இருக்கிறது. பசுவிடம் கன்று குடித்தது போக மீந்த சீம்பாலை வீட்டில் காய்ச்சிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறோம். பெட்டைக்குதிரையிடம் அப்படி மீதி கிடையாது. "முதப் பால் கெட்டியா இருக்குது, பீய்ச்சி விட்டுட்டுக் குடிக்க விடு" என்று சொல்லும் பெரியவரை அன்பாக ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். ஈத்துக்கு முன்பே பால் சொட்டிக்கொண்டிருந்த பெட்டையாக இருந்தால் சீம்பால் வீணாகிவிட்டது என்று பொருள். அதைக் கண்டவுடன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடித்திருக்க வேண்டும். நின்றுகொண்டு மடியை முட்டிக்கொண்டே இருப்பது குடிப்பது ஆகாது. பக்கத்தில் குனிந்து தொண்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். தொப்புளைக் குளோர்ஹெக்ஸிடின் கரைசலில் நனைக்க வேண்டும். முதல் நாளுக்குள் கருமலம் வெளியேற வேண்டும். 18 முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தை அளந்து பார்த்தால் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் பிளாஸ்மா ஏற்றிக் காப்பாற்றலாம். மூன்றாம் நாள் குட்டி சுருண்டு படுத்த பிறகு அளந்து பயனில்லை. மாட்டுச் சீம்பாலைக் கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பதும் முழுத்தீர்வு அல்ல. அதிலுள்ள எதிர்ப்புச் சக்தி மாட்டு நோய்களைக் கண்டு உருவானது. குட்டியின் உடம்பில் வெகுகாலம் தங்குவதும் இல்லை.

தீனியில்தான் மாட்டறிவு மிக அமைதியாகக் கெடுதல் செய்கிறது. கொறங்காட்டு மேய்ச்சலில் முக்கியமானது கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாட்டை வளர்த்ததே அதுதான். தோட்டத்தில் வளர்வது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். இரண்டிலும் ஆக்ஸலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாடு அந்தச் சத்தை எடுத்துக்கொள்கிறது. குதிரைக்கு அசைபோடும் வயிறு இல்லை. சிறுகுடலைத் தாண்டிச் சத்து வீணாகப் போகிறது. ஆஸ்திரேலியாவில் பஃபல் புல் என்று சொல்வது நம் கொழுக்கட்டைப் புல்லைத்தான். அதையும் அது போன்ற வெப்பநாட்டுப் புற்களையும் மட்டுமே மேய்ந்த குதிரைகளுக்கு எலும்பு பலமிழந்து முகம் புடைத்துப் போகும் நோய் குவீன்ஸ்லாந்தில் நன்கு பதிவாகியிருக்கிறது. பால் கொடுக்கும் பெட்டைகளும் வளரும் குட்டிகளுமே முதலில் மாட்டுகின்றன. இதற்குமேல் நாம் தவிட்டையும் அள்ளிப் போடுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. சினைப்பெட்டை தன் எலும்பைக் கரைத்துக் குட்டிக்குக் கொடுக்கிறது. புல்லை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே குதிரைமசால் கொடுங்கள், மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்பு கொடுங்கள், தவிட்டைக் குறையுங்கள். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் ஏறுவதால் தீனியை அப்போது படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே கொள்ளை அவித்துக் கொட்டினால் பெட்டை வெறுமனே கொழுக்கும்.

பல்லடம், நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழியும் மாடும் தாங்கும் அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். மூட்டை கிழிந்து சிந்திய தீவனம் குதிரையின் வாய்க்கு எட்டக் கூடாது.

சேர்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடு பருவத்தில் நிற்பது ஒரு நாளுக்கும் குறைவு. பருவம் அடங்கிய பிறகுதான் கருமுட்டை வெளிவரும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி என்ற கணக்கு அதற்குச் சரி. குதிரை ஐந்து முதல் ஏழு நாள் பருவத்தில் இருக்கும். முட்டை வெளிவருவது அந்தப் பருவம் முடிய ஓரிரு நாளைக்கு முன். முதல் நாளே பொலிகுதிரையிடம் கொண்டுபோய் ஒருமுறை சேர்த்துவிட்டுத் திரும்பினால் வண்டிச் செலவுதான் மிச்சம். ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்க வேண்டும். அல்லது ஸ்கேன் செய்து நாள் குறிக்க வேண்டும். அதற்கும் முன்னால் பெட்டை, பொலிகுதிரை இரண்டுக்கும் கிளாண்டர்ஸ் நோய்க்கும் குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. நம் ஊர்க் கால்நடை மருத்துவர் வழியாகவே ரத்த மாதிரியை அனுப்பலாம்.

சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஒரு ஸ்கேன் மிக முக்கியம். பசுவுக்கு இரட்டைக் கன்று என்றால் வீடு மகிழும். குதிரைக்கு இரட்டை என்றால் கருப்பையில் இடம் போதாமல் இரண்டும் மெலிந்து, பெரும்பாலும் பல மாதம் கழித்துக் கருச்சிதைவில் முடியும், தாய்க்கும் ஆபத்து. அந்த நாட்களுக்குள் கண்டுபிடித்தால் மருத்துவர் ஒரு கருவை நீக்கி மற்றதைக் காப்பாற்றிவிடுவார்.

இனி எதிர்த்தரப்பின் வாதங்கள். "கோடியக்கரையில் காட்டுல திரியுற குதிரைக்கு யார் பிரசவம் பாக்கறாங்க? நெடுந்தீவுக் குதிரைக்கு யார் பாக்கறாங்க?" என்பது முதல் வாதம். பலரை வாயடைக்கும் கேள்வி இது. அங்கே பிழைத்த குட்டி நம் கண்ணில் படுகிறது. செத்த குட்டியை நரியும் பருந்தும் தின்றுவிடுகின்றன. ஈன முடியாத தாய் அங்கே இரண்டாவது முறை ஈனுவதில்லை, அதன் குறையும் அதோடு போய்விடுகிறது. நாளெல்லாம் நடந்து மேயும் அந்தக் குதிரையும், முன்கால் கயிறும் பின்கால் கயிறும் போட்டு ஆறடி இடத்தில் கட்டிய நம் பெட்டையும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. இயற்கையிடம் விடுவதானால் கயிற்றை அவிழ்த்து முழுசாக விட வேண்டும். கட்டி வைத்துவிட்டு ஈத்துக்கு மட்டும் இயற்கையைக் கூப்பிடுவது நியாயமல்ல.

"நம்ம பாட்டன் பூட்டன் வளர்க்கலையா?" என்பது அடுத்தது. மாட்டுக்கு அந்த வாதம் செல்லும். குதிரையைப் பொறுத்தவரை தமிழகம் நெடுங்காலமாக வாங்கிய நாடு. பட்டினப்பாலைக் காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரை கடல்வழியே வந்தது. பாண்டியர் காலத்தில் பாரசீக, அரபுத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, வந்த குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாததால் செத்தன என்றும், உயர்ந்த பெட்டைக்கு உயர்ந்த பொலிகுதிரையைச் சேர்த்தாலும் கால் வளைந்த உதவாத குட்டியே பிறந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார். தட்பவெப்பம் ஒத்துவரவில்லை என்பது அவர் கருத்து. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள் என்றும் அவரே சொல்வதால், வெயிலைவிடத் தீனியின்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆங்கிலேயர் காலத்திலும் படைக்குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தன. ஏறுவதிலும் அலங்கரிப்பதிலும் நமக்கு மரபு உண்டு. ஈத்துப் பார்ப்பதில் மாட்டுக்கு இருப்பதுபோன்ற மரபு குதிரைக்கு இங்கே வேரூன்றவில்லை. இல்லாத மரபை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது.

"ஆள் சுத்தி நின்னா பெட்டை மிரளும்" என்பது மூன்றாவது. இது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஊரே திரண்டு, செல்போன் வெளிச்சம் அடித்து, பேர் வைக்கும் பேச்சு பேசிக்கொண்டு நிற்பது குதிரைக்குச் செய்யும் கொடுமை. மங்கலான விளக்கு, காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பிய, நாலு பக்கமும் 12 அடிக்குக் குறையாத தனி லாயம், அதில் கயிறில்லாமல் பெட்டை, பார்வைக்கு எட்டிய தூரத்தில் சத்தமில்லாமல் ஒரே ஒருவர்: இவ்வளவுதான் தேவை. வாசல் கேட்டுக்கு மாட்டிய கேமராவில் ஒன்றை லாயத்துக்கு மாற்றினால் அந்த ஒருவரும் வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கலாம்.

கடைசியாக, எதற்காகக் குட்டி எடுக்கிறோம் என்ற கேள்வி. "சும்மாதான நிக்குது, ஒரு குட்டி எடுத்துடலாம்" என்கிறார்கள். கடிக்கிற, உதைக்கிற பெட்டை குட்டி போட்டால் சாதுவாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். ஆகாது, அதன் குணத்தைப் பார்த்து வளரும் குட்டிக்கும் அது தொற்றும். சுழி சுத்தமாக இருக்கிறதா என்று நெற்றியிலும் கழுத்திலும் விரல் வைத்துத் தேடும் அளவுக்கு, காலின் நேர்மை, குளம்பின் உறுதி, இடுப்பின் அகலம், பிறப்புறுப்பின் அமைப்பு ஆகியவற்றை யாரும் தேடுவதில்லை. சுழி எங்கிருந்தாலும் குட்டி வரும் வழி அதனால் அகலமாகாது. பதினைந்து வயதைத் தாண்டி முதன்முறையாகச் சினைக்கு விடப்படும் பெட்டைக்குச் சினை பிடிப்பதும் கடினம், தாங்குவதும் கடினம்.

பெட்டை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. சேர்க்கைக்கு முன் ரத்தப் பரிசோதனை, 14-ஆம் நாள் ஸ்கேன், ஈத்துக்கு ஒரு மாதம் முன் டெட்டனஸ் தடுப்பூசி, நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய, குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர், மடி நிறைந்த பிறகு இரவெல்லாம் கண்விழிக்க ஒரு ஆள் என்று இவ்வளவுக்கும் வழி செய்துகொண்டு குட்டி எடுங்கள். இதில் எது இல்லாவிட்டாலும் இந்த ஆண்டு சேர்க்கைக்கு விடாதீர்கள். சினையில்லாமல் நிற்பதால் பெட்டைக்குதிரைக்கு எந்த நோயும் வருவதில்லை.